வெளியுறவுக் கொள்கைக்குச் சாதி உண்டா? – கே.ஆர். நாராயணனை முன்வைத்து

(திருவொற்றியூரில் எங்கள் வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் இந்த அறையில் ஒரு தங்கை கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். "அண்ணா, கலெக்டர் என்ன செய்வார்னு தெரியும், கமிஷனர் என்ன செய்வார்னு தெரியும். அம்பாசடர் என்ன செய்வாங்க?" பின்னால் இருந்து ஒருவர் "அது பழைய கார் பேரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. வெள்ளம் வந்தால் கலெக்டர் ஜீப்பில் வருகிறார். குடிசையை இடிக்க வேண்டுமென்றால் கமிஷனர் ஆள் அனுப்புகிறார். தூதர் எவரும் எர்ணாவூர் பக்கம் வந்ததில்லை. அதனால் அந்த வேலை நம் கனவுக்குள்ளும் வருவதில்லை. இங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குரூப் ஃபோர், குரூப் டூ, ரொம்பத் துணிந்தால் ஐஏஎஸ். ஐஎஃப்எஸ் என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் தேர்வு ஒன்றுதான், யுபிஎஸ்சி நடத்துகிற அதே குடிமைப் பணித் தேர்வு.

வெளியுறவு நமக்குத் தூரத்து விஷயம் என்று நினைக்கிறோம். வடசென்னைக்காரர்கள் அப்படி நினைப்பதுதான் வேடிக்கை. மணலி பக்கம் சடையங்குப்பத்தில் பர்மா நகர் இருக்கிறது. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் புகுந்தால் மட்டும் செய்தியில் வரும் ஊர். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். சாயங்காலம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிடுகிறோம், அது ரங்கூன் தெருச் சாப்பாடு. இதெல்லாம் எப்படி இங்கே வந்தது? 1962-இல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆக்கப்பட்டன. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி, நம் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார்கள்.

அதே 1964 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். பிறகு 1974-இல் பேசினார்கள். ஆளுக்குப் பாதி, 75,000 உனக்கு, 75,000 எனக்கு. தேயிலைச் செடிக்கு உரம் பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்தார்கள். அந்த மலையகத் தொழிலாளர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். அவர்களில் யாரிடமும் உனக்கு எந்த ஊர் வேண்டும் என்று எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் சாதியிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருந்தால் மட்டும் எல்லாம் மாறியிருக்குமா என்றால், மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கேள்வியாவது எழுந்திருக்கும்.

இன்னும் பக்கத்தில் வரலாம். உங்கள் வீட்டில் யாராவது வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால் அவருடைய பாஸ்போர்ட் 'ஈசிஆர்' வகை. சவுதி, குவைத், கத்தார், மலேசியா என்று சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். படித்தவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. நோக்கம் பாதுகாப்பு என்பார்கள், நல்லதுதான். ஆனால் அரசு தன் குடிமக்களைப் பத்தாம் வகுப்பு என்ற கோட்டில் இரண்டாகப் பிரிப்பதும், நம் மக்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதும், அந்த அதிகாரி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்தான் வேலை செய்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலில் போனவன், கப்பலில் திரும்பியவன், கப்பலில் சரக்கு இறக்கியவன் எல்லாம் இந்தப் பகுதி ஆட்கள். கப்பல் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற அறை மட்டும் வேறு யாருடையதோ.

அந்த அறை எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சாட்சி. 1951 அக்டோபரில் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது அவர் கொடுத்த அறிக்கையைப் பெரும்பாலும் இந்துச் சட்டத் தொகுப்புக்காக மட்டும் நினைவுகூர்கிறோம். அதைத் தேடி முழுதாகப் படியுங்கள். அமைச்சரவையின் முக்கியக் குழுக்களில், குறிப்பாக வெளியுறவுக் குழுவிலும் பாதுகாப்புக் குழுவிலும், தன்னை உறுப்பினராகக்கூடப் போடவில்லை என்று அதில் சொல்கிறார். தாழ்த்தப்பட்டோர் நடத்தப்படும் விதத்தைச் சொல்கிறார். அடுத்து நாட்டின் வெளியுறவுக் கொள்கை தனக்குக் கவலை தருவதாகச் சொல்கிறார். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடியை ராணுவத்துக்குச் செலவிடுகிறோம், நமக்கு நண்பர்கள் இல்லாததன் விலை இது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர் அவர். அந்த மனிதருக்கு வெளியுறவுக் குழுவில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.

அதே காலத்தில், அதே நேருவின் ஆட்சியில், ஒரு தலித் இளைஞர் வெளியுறவுப் பணிக்குள் நுழைந்திருந்தார். கோச்சேரில் ராமன் நாராயணன்.

இவரைப் பற்றி நமக்குப் பாடப்புத்தகம் சொல்வது ஒரு வரி: முதல் தலித் குடியரசுத் தலைவர். கூடவே ஒரு கதை: ஏழைக் குடிசையில் பிறந்து, உழைத்துப் படித்து, ராஷ்டிரபதி பவனுக்குப் போனார், நீங்களும் உழைத்தால் போகலாம். இந்தக் கதையில் எனக்குப் பிரச்சினை இருக்கிறது. அதில் அவருடைய வேலை காணாமல் போகிறது. 1949-லிருந்து 1978 வரை வெளியுறவுப் பணி, அதற்குப் பிறகு நான்காண்டு அமெரிக்கத் தூதர். முப்பதாண்டுக்கு மேலான ஒரு தொழில் வாழ்க்கை. இன்னொன்றும் காணாமல் போகிறது: அவரைத் தடுத்தவர்களின் பெயர்.

கோட்டயம் பக்கம் உழவூரில், பெருந்தானம் என்ற இடத்தில் பிறந்தார். பரவர் சாதி. அப்பா ராமன் வைத்தியர், நாட்டு மருத்துவம் தெரிந்தவர். மரியாதை இருந்தது, பணம் இல்லை. பதிவில் இருக்கும் பிறந்த நாள் 27 அக்டோபர் 1920. அது பள்ளியில் சேர்க்கப் போனவர் உத்தேசமாகச் சொன்ன தேதி. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இதுதானே கதை. தினமும் சுமார் 15 கிலோமீட்டர் வயல்வெளி நடந்து பள்ளிக்குப் போனார். கட்டணம் கட்டாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்க முடியாது. ஆஸ்துமாவால் வீட்டிலேயே இருந்த அண்ணன் நீலகண்டன் மற்ற மாணவர்களிடம் புத்தகம் கடன் வாங்கி, கையால் நகலெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். நாராயணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் அதே கோட்டயம் வட்டாரத்தில், வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை போனார். அது 1924. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-இல். அடுத்த ஆண்டு நாராயணன் மெட்ரிகுலேஷன் முடித்தார். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் நடந்த 15 கிலோமீட்டர் வெறும் தூரம் இல்லை. எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற கேள்வி உயிரோடு இருந்த காலம் அது.

1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினார். அந்தச் சமஸ்தானத்தில் ஒரு தலித் அப்படித் தேறுவது அதுவே முதல்முறை. முதல் வகுப்பில் தேறியவருக்கு விரிவுரையாளர் வேலை என்பது அன்றைய நடைமுறை. விண்ணப்பித்தார். திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் நிர்வாகம் குமாஸ்தா வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றது. நாராயணன் அதை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை. சி.பி. நம்மூர் வழக்கறிஞர்தான், ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. 'தகுதி, திறமை' என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களிடம் இந்த 1943-ஐச் சொல்லுங்கள். தகுதி இருந்தது, திறமை இருந்தது, சான்றிதழ் இருந்தது. குமாஸ்தா நாற்காலிதான் நீட்டப்பட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து வெளியேறியவர் பத்திரிகைக்காரர் ஆனார். சென்னையில் 'தி இந்து'வில் கொஞ்ச காலம், பிறகு பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'. 1945 ஏப்ரலில் காந்தியைப் பேட்டி கண்டார். அதே ஆண்டு ஜே.ஆர்.டி. டாட்டாவின் உதவித்தொகையில் லண்டன் போனார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அண்ணல் படித்த அதே நிறுவனம். அங்கே ஹெரால்டு லாஸ்கி ஆசிரியர். லாஸ்கிக்கு இந்த மாணவரைப் பிடித்துப்போனது. 1948-இல் ஊர் திரும்பும்போது நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அடுத்து நடந்ததை நாராயணனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நேருவைச் சந்திக்கிறார். இருபது நிமிடம் போல லண்டன் பேச்சு. நேரம் முடிந்ததை உணர்ந்து எழுந்து, போகிறபோக்கில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசல் வரை போய்விட்டார். நேரு கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டார். போகும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்கிற மாதிரி இவர் பதில் சொன்னார். பிறகு வெளியுறவுப் பணியில் சேர அழைப்பு வந்தது.

எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. எனக்கும் பிடிக்கும். கூடவே ஒரு உறுத்தலும் உண்டு. இது கதவு திறந்த கதை என்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒரு ஆளை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்த கதை என்றும் படிக்கலாம். அந்த நாளில் வெளியுறவுப் பணி என்பது பழைய ஐசிஎஸ் அதிகாரிகள், அரச குடும்பத்தார், பெரிய வீட்டுப் பிள்ளைகள், நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் உட்பட அவருக்குத் தெரிந்தவர்கள் நிரம்பிய வட்டம். லாஸ்கியின் கடிதம் இல்லாத இன்னொரு நாராயணனுக்கு அங்கே வழி என்ன? நேருவின் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. நல்லெண்ணம் ஒரு ஆளுக்குத்தான் போதும். ஒரு சமூகத்துக்கு விதி வேண்டும், விகிதம் வேண்டும். பக்கத்து அறையில் அம்பேத்கர் குழுவுக்கு வெளியே காத்திருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நாராயணனின் முதல் பணியிடம் ரங்கூன். நம் ஆட்கள் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்துக்கொண்டிருந்த ரங்கூன். அங்கே மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணைச் சந்தித்தார், காதலித்தார். வெளியுறவு அதிகாரி வெளிநாட்டவரைத் திருமணம் செய்ய விதி இடம் தராது. நேருவின் தனி அனுமதி பெற்று 1951 ஜூனில் டெல்லியில் திருமணம் நடந்தது. அவர் உஷா என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்தியக் குடிமகள் ஆனார். பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் காலத்து விஷயம், விடுகிறேன். சாதிக்குள் சிக்காத ஒரு திருமணம், அதற்குப் பிரதமர் அனுமதி தேவைப்பட்டது. இங்கே கொருக்குப்பேட்டையில் காதலித்தவர்கள் காவல் நிலையத்தில் போய் நிற்பது நினைவுக்கு வருகிறது.

டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனோய் என்று பல ஊர். நடுவில் டெல்லிப் பொருளாதாரப் பள்ளியில் ஆசிரியர். 1967-லிருந்து தாய்லாந்துக்குத் தூதர், 1973-இல் துருக்கி. இவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இரண்டு இடத்தில் மட்டும் நிற்க வேண்டும்.

ஒன்று 1964. அக்டோபர் 16 அன்று சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. அப்போது அமைச்சகத்தில் சீனப் பிரிவைக் கவனித்தவர் நாராயணன். அடுத்த மாதம் அவர் ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். இந்தியாவும் அணுகுண்டு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆசியாவில் நம் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்பது அதன் சாரம். பல பத்தாண்டுகள் கழித்து அந்த ஆவணம் வெளிச்சத்துக்கு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அணுக்கழிவு யார் ஊரில் கொட்டப்படும், அனல்மின் சாம்பல் யார் ஓடையில் கொட்டப்படும் என்பதை எண்ணூரில் வாழ்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பை நம் தோழர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் ஒரு தலித் அதிகாரி என்றால் தலித் விவகாரம் மட்டும் பேசுவார் என்று எதிர்பார்க்கிறோம். அரசும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது, சமூகநலத் துறையைக் கொடுத்து உட்கார வைக்கிறது. இந்த மனிதர் போர், வல்லரசு, அணு ஆயுதம் பற்றித் தன் சொந்த மூளையால் யோசித்து, தன் கையெழுத்தில் எழுதினார். அந்த இடத்தில் நின்று தவறாக யோசிக்கிற உரிமையும் நமக்கு வேண்டும் என்பதே என் கட்சி.

இரண்டாவது பீஜிங். 1962 போருக்கு முன்பே, 1961-இல், இந்தியா தன் தூதரைத் திரும்ப அழைத்திருந்தது. பதினைந்து ஆண்டு அந்த நாற்காலி காலி. 1976-இல் மறுபடியும் தூதரை அனுப்ப முடிவு செய்தபோது இந்திரா காந்தி அனுப்பியது நாராயணனை. மாவோ இறந்த ஆண்டு அது. ஒரு பெரிய நாடே அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றபோது அங்கே போய் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட வேண்டிய வேலை. தங்கை கேட்டாரே, தூதர் என்ன செய்வார் என்று. இதுதான். விருந்துக்குப் போவது, கோட் போடுவது எல்லாம் வெளித்தோற்றம். எதிராளி என்ன சொல்கிறான், என்ன சொல்லாமல் விடுகிறான் என்று கேட்டு, டெல்லிக்கு ஒழுங்காக எழுதி அனுப்புவது வேலை. ஒரு சொல் கூடினால் சண்டை, குறைந்தால் அடிமைத்தனம்.

1978-இல் ஓய்வு. அடுத்து ஜேஎன்யூ துணைவேந்தர். 1980-லிருந்து 1984 வரை வாஷிங்டனில் தூதர். அப்புறம் ஒற்றப்பாலம் தனித்தொகுதியில் மூன்று முறை வென்றார், ராஜீவ் காந்தி அமைச்சரவையில் வெளியுறவு உட்பட சில துறைகளில் இணையமைச்சர். கவனியுங்கள், இணையமைச்சர். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராக இருந்தவருக்குக் கேபினட் நாற்காலி இல்லை. பிறகு 1992-இல் குடியரசுத் துணைத்தலைவர். 1997-இல் டி.என். சேஷனைத் தோற்கடித்துச் சுமார் 95 விழுக்காடு வாக்குகளுடன் குடியரசுத் தலைவர்.

குடியரசுத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப் என்று நாம் எல்லோரும் சொல்வோம். நாராயணன் காலத்தில் அந்த ஸ்டாம்ப் அவ்வளவு சுலபமாகக் குத்தப்படவில்லை. அங்கேதான் வெளியுறவுப் பணியில் கற்ற தொழில் தெரிந்தது. கத்தவில்லை, ராஜினாமா மிரட்டல் விடவில்லை. கோப்பைத் திருப்பி அனுப்பினார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பினார், அமைச்சரவை கைவிட்டது. கலைக்கச் சொன்னது பாஜகவின் கல்யாண் சிங் ஆட்சியை. அடுத்த ஆண்டு பாஜக அரசு பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கக் கேட்டபோது அதையும் திருப்பினார். கட்சி பார்க்கவில்லை, மாநில உரிமையைப் பார்த்தார். 356-ஆல் இரண்டு முறை ஆட்சியை இழந்த திமுகவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் எடை தெரியும்.

இன்னொரு கோப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1998 இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதிகளின் பெயர்கள் அவர் மேசைக்கு வந்தன. கே. ராமசாமி 1997-இல் ஓய்வு பெற்ற பிறகு அந்த நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன் 1980-இல்தான் அங்கே போனார், நம் தமிழ்நாட்டுக்காரர். குடியரசு ஆகி முப்பதாண்டு கழித்து. நாராயணன் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார்: தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகங்களில் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இடமில்லாதது நியாயமாகாது, கவனத்தில் கொள்ளுங்கள். அவ்வளவுதான், மிகப் பணிவான மொழி. அந்தக் குறிப்பு செய்தியாகக் கசிந்ததும் ஆங்கிலப் பத்திரிகைகள் குதித்தன. நீதித்துறைக்குள் இடஒதுக்கீடா, தகுதி என்னாவது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1943-இல் குமாஸ்தா வேலையை நீட்டிய அதே குரல், ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, இந்த முறை நாட்டின் முதல் குடிமகனிடம் தகுதி பற்றிப் பாடம் எடுத்தது. 2000 ஜூனில் கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார், பிறகு தலைமை நீதிபதியும் ஆனார்.

2000 மார்ச்சில் பில் கிளிண்டன் வந்தார். வருவதற்கு முன் நம் துணைக்கண்டத்தை உலகிலேயே ஆபத்தான இடம் என்று சொல்லியிருந்தார். ராஷ்டிரபதி பவன் விருந்தில், விருந்தாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அப்படிச் சொல்வது வன்முறையாளர்களுக்குத்தான் ஊக்கம் தரும் என்று நாராயணன் பேசினார். உலகம் ஒரு கிராமம் ஆகிவிட்டது என்பதற்காக ஒரே ஒரு நாட்டாமை அதை நடத்துவார் என்று அர்த்தமில்லை என்ற பொருளில், ஒரு ஆப்பிரிக்கத் தலைவர் சொன்னதாக எடுத்துக்காட்டினார். டெல்லியின் பெரிய மனிதர்கள் சங்கடப்பட்டார்கள், விருந்தில் இப்படியா என்றார்கள். கிராமத்தில் நாட்டாமை என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் பேசினால் அப்படித்தான் இருக்கும். கிராமம் என்றதும் இவர்களுக்குத் தென்றலும் தோப்பும்தான் நினைவுக்கு வரும்.

இப்போது எனக்குக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

2001 ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் முதல் வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐநா உலக மாநாடு. சாதியையும் பிறப்பு அடிப்படையிலான பாகுபாடாக அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் பெருமுயற்சி செய்தன, நிறையப் பேர் டர்பனுக்கே போனார்கள். இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. சாதி என்பது இனம் அல்ல, இது எங்கள் உள்நாட்டு விவகாரம், எங்கள் அரசமைப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றது. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்வதில் வெற்றியும் பெற்றது. அந்த வெற்றிக்கு உழைத்தது வெளியுறவு அமைச்சகம். நாராயணன் முப்பதாண்டு வேலை பார்த்த, செயலாளராகவும் இருந்த அமைச்சகம். அந்த நாட்களில் ராஷ்டிரபதி பவனில் இருந்தவரும் அவர்தான்.

இதை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. வெளியுறவு அமைச்சரவையின் அதிகாரம், குடியரசுத் தலைவர் அதை மாற்ற முடியாது. ஆனால் 'முதல் தலித் குடியரசுத் தலைவர்' என்ற பெருமையை உலகத்திடம் காட்டிக்கொண்டே, அதே உலகத்திடம் சாதியைப் பற்றிக் கேட்காதே என்று சொல்ல ஒரு அரசால் முடிந்தது. உச்சியில் ஒருவர் இருப்பது, கீழே கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதிலாகக் காட்டப்பட்டது. நமக்கு முதல் தலித் யார் என்ற கணக்கு பிடித்துப்போய்விட்டது. நூறாவது ஆள் யார், ஆயிரமாவது ஆள் யார் என்ற கணக்கை எடுங்கள். அமைச்சகத்தின் ஐநா பிரிவில், ஜெனீவா தூதரகத்தில், வரைவு எழுதுகிற இடத்தில் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாராயணனின் மகள் சித்ராவும் ஐஎஃப்எஸ் ஆகித் தூதர் ஆனார், மகிழ்ச்சி. உழவூர் மாதிரி ஊரிலிருந்து நேராக வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இதில் கசப்பான ஒரு தகவல் இருக்கிறது. 1965-இல் ஐநா இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை எழுதப்பட்டபோது, இனம், நிறம் என்ற சொற்களோடு 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். பிறகு அந்தச் சொல்லுக்குள் சாதி வரும் என்று மற்றவர்கள் சொன்னபோது, வராது என்று மறுத்ததும் இந்தியாதான். 2002-இல் ஐநா குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில், வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதியே வைத்துவிட்டது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டெல்லிக் கூட்டமொன்றில் தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசினார். நாம் கைதட்டினோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2007 பிப்ரவரியில் ஜெனீவாவில் அதே ஐநா குழுவின் முன் உட்கார்ந்த இந்தியத் தூதுக்குழு, சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்று மறுபடியும் சொன்னது.

யுபிஎஸ்சி எழுத தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிரிவினருக்கு 37 வயது வரை வாய்ப்புண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, 9 முறை. மாநில அரசின் பயிற்சி மையம் சென்னையிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தெந்தப் பணி வேண்டும் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள், அங்கே ஐஎஃப்எஸ் என்ற கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆங்கிலம் பற்றிப் பயம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சனிக்கிழமை மாலை வகுப்புக்கு இன்னும் இடம் இருக்கிறது. இப்போது நீங்கள் பேசுங்கள்.